இஷாவிலிருந்து தொடங்கும் காலை

அதிகாலையில் எழுவதைப் பற்றி நம்மவரிடையே பேச்சு வரும்போதெல்லாம், "கடை வைத்திருப்பவனுக்கு அது நடக்கிற காரியமா?" என்று கேட்டு வந்தவன் நான். கேட்டவனே இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான் என் படிப்பு. ஆகவே பட்டறிந்ததையும் பிறரிடம் கேட்டறிந்ததையும் மட்டும் சொல்லுகிறேன்.

சிங்கப்பூரில் எனக்கொரு மளிகைக் கடை. இரவு 9.30க்குக் கதவை இழுத்துப் பூட்டி வீடு வந்து சேர 10.15 ஆகும். பிறகு வயிறு நிறையச் சோறு. அதற்கும் பிறகு கைபேசி. கண் மூட 12.30, கண் விழிக்க 7.30. சுபுஹு களாவாகியிருக்கும். மகன் 6.45க்கே பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருப்பான். ஒரு நாள் அவன் பள்ளியில் குடும்பத்தைப் பற்றி எழுதிய கட்டுரையை என் மனைவி எடுத்துக் காட்டினார். உம்மாவைப் பற்றி அரைப் பக்கம் இருந்தது. என்னைப் பற்றி, "வாப்பா இரவில் கடையில் இருப்பார், காலையில் தூங்குவார்" என்று ஒரே ஒரு வரி. பிள்ளை பொய் எழுதவில்லை.

மறுநாளே 5 மணிக்கு அலாரம் வைத்தேன். நான்கு நாள் வீராப்பாக எழுந்தேன். ஐந்தாம் நாள் கல்லாவில் அமர்ந்தபடியே தலை தொங்கிற்று. ஓர் அம்மாளுக்கு மீதிப் பணத்தோடு 50 வெள்ளி கூடுதலாகக் கொடுத்துவிட்டேன். அவர் நாணயமானவர், திரும்பி வந்து கொடுத்தார். ஆறாம் நாள் பழையபடி 7.30.

பிசகு எங்கே என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். 12.30க்குப் படுத்து 5க்கு எழுந்தால் நாலரை மணி நேரம். வயது வந்தவருக்கு 7 மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டுமென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். வரவில்லாமல் செலவு செய்தால் கடை எத்தனை நாள் நிற்கும்?

என் நிலையை நம் ஹஜ்ரத்திடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "நீர் காலையைப் பிடித்து இழுக்கிறீர், இஷாவைச் சரி செய்யும்" என்றார். இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் இருப்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்ற ஹதீதை எடுத்துக் காட்டினார். மதரஸாவில் நானும் ஓதியதுதான். அது என் கைபேசியைப் பற்றியது என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே இரவிலிருந்து தொடங்கினேன். மஃரிபு முடிந்ததும் அடுக்குச் சட்டியில் வந்த சோற்றைக் கடையிலேயே உண்டு விடுகிறேன். கைபேசி கூடத்து மேசை இழுப்பறையில் உறங்குகிறது. தேநீர் மாலை 3 மணியோடு சரி. தேயிலையிலும் காப்பியிலும் உள்ள காஃபின் என்ற சத்தில் பாதி உடம்பிலிருந்து நீங்கவே சுமார் 5 மணி நேரம் பிடிக்குமாம். இரவு 8 மணிக்குத் தேத் தாரிக் குடித்துவிட்டு உறக்கம் வரவில்லையே என்று புலம்பியவன் நான்!

நேரத்தையும் ஒரே தாவலில் மாற்றவில்லை. நான்கு நாளைக்கு ஒரு முறை, படுப்பதையும் எழுவதையும் கால் மணி கால் மணியாக முன்னே தள்ளினேன். 28 நாளில் படுப்பது 10.45, எழுவது 5.45 என்று நிலைத்தது. அந்த இடைக்காலத்தில் சுபுஹுக்கு என் மனைவி எழுப்பிவிடுவார். தொழுதுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்வேன்.

இங்கே இன்னொரு விஷயம். "ஊரில் எல்லோரும் 5 மணிக்கு எழுகிறார்களே" என்று பெரியவர்கள் நம்மைக் குறை சொல்வதுண்டு. ஊரில் சூரியன் உதிப்பது 6 மணியை ஒட்டி, சிங்கப்பூரிலோ வருடம் முழுவதும் 7 மணியை ஒட்டி. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி 1 அன்று மலேசியத் தீபகற்பத்தோடு சிங்கப்பூரும் அரை மணி நேரத்தை முன்னே தள்ளி வைத்தது. அதற்கு முன் இங்கே 6.30க்கே விடிந்தது. ஆக, ஊரில் 5க்கு எழுபவரும் இங்கே 6க்கு எழுபவரும் சூரியன் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். வீண் மனக்குறை வேண்டாம்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுவது எப்படி என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்தக் கடிகாரம் முன்னே நகரும், இரவில் பட்டால் பின்னே தள்ளிப் போகும். கைபேசி வெளிச்சமும் இதில் சேர்த்தி. அதனால் இரவில் பெரிய விளக்கை அணைத்துவிடுகிறேன். காலையில் வானம் வெளுக்கும்போது வெளியே இருக்கப் பார்க்கிறேன்.

எழுந்தவுடன் சந்தோஷமான காரியம் ஒன்று காத்திருக்காவிட்டால் உடம்பு போர்வையைத்தான் நாடும். தொழுகை கடமை, அது வேறு. அதன்பின் எனக்குப் பிரியமானது, இஞ்சி தட்டிப் போட்டு என் கையாலேயே வைக்கும் தேநீர். சமையற்கட்டு ஜன்னலைத் திறந்தால் கீழே மரத்தில் குயில் கத்தும். அந்தக் கால் மணி நேரம் எவரும் என்னிடம் விலை கேட்பதில்லை. பிறகு மகனோடு பேருந்து நிறுத்தம் வரை நடை. இருட்டில் புறப்பட்டு வெளுப்பில் போய்ச் சேருவோம்.

வியாபாரிகளுக்கு ஒரு செய்தி. தம் உம்மத்தின் அதிகாலைப் பொழுதுக்கு பரக்கத் வேண்டி நபியவர்கள் துஆச் செய்ததை அறிவித்த ஸக்ர் அல்காமிதீ (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. அவர் தம் சரக்கை விடியலிலேயே அனுப்புவாராம், செல்வமும் பெருகிற்றாம். எனக்குச் செல்வம் பெருகிவிடவில்லை. ஆனால் காய்கறி வண்டிக்காரர் இப்போது என்னைத் தொலைபேசியில் எழுப்ப வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்னும் சறுக்குகிறேன். விருந்து, கல்யாணம் என்று இரவு நீண்டுவிட்டாலும் காலையில் அரை மணிக்கு மேல் தாமதிக்காமல் எழுந்து, லுஹருக்குப் பின் 20 நிமிடம் கைலூலா போடுவது நல்லது என்று கண்டிருக்கிறேன். போன வாரம் அதையும் செய்யத் தவறினேன். திங்கட்கிழமை மகன்தான் வந்து தோளைத் தட்டினான்: "வாப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."