நோயாளியின் கட்டிலைச் சுமப்போர்



ஞாயிறு திருப்பலி முடிவில் பங்குத்தந்தை அறிவித்தல்களை வாசிக்கிறார். திருமண ஓலைகள், மன்றக் கூட்டங்கள், சிரமதானம் எல்லாம் வாசித்து முடிந்தபின் ஒரு கணம் நிறுத்துகிறார். "நம் பங்கைச் சேர்ந்த குடும்பத்தலைவர் ஒருவருக்கு அவசரமாக இருதய சத்திர சிகிச்சை செய்ய வேண்டியுள்ளது. உங்கள் உதவியை நாடுகிறோம்" என்கிறார். கேட்ட எல்லோருடைய மனமும் இளகுகிறது. பலர் அன்றைக்கே கொடுக்கிறார்கள்.

ஆனால், மூன்று மாதங்களின் பின் அதே கோவில் வளவில், "சேர்த்த காசு எவ்வளவாம்? இப்ப ஆரிட்ட இருக்காம்?" என்ற முணுமுணுப்பு எழுவதையும் நம்மிற் பலர் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அங்கே யாரும் களவெடுத்திருப்பதில்லை. கணக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். ஆயினும் அந்த முணுமுணுப்பு பலரைக் காயப்படுத்துகிறது. ஓடித்திரிந்து நிதி சேர்த்தவர் மனமுடைந்து போகிறார். நோயாளியின் மனைவி கோவிலுக்கு வரவே கூசுகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த ஆண்டு இன்னொரு ஏழை நோயுறும்போது மக்கள் கையை விரிக்கத் தயங்குகிறார்கள். முன்னையவரின் கணக்கு மூடப்படாததற்குப் பின்னையவர் விலை கொடுக்கிறார்.

ஆகவே நோயாளி ஒருவருக்காக நிதி திரட்டும் குடும்பமும் பங்கும் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இவ்வாரம் ஒழுங்காகப் படிப்போம்.

வேதம் காட்டும் முன்மாதிரி

திருச்சபையில் நிதி சேர்ப்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. யெருசலேமில் வறுமையுற்றிருந்த விசுவாசிகளுக்காகப் புனித சின்னப்பர் பல நாட்டுச் சபைகளிலும் காணிக்கை சேர்த்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தையும், இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் 9ஆம் அதிகாரங்களையும் எடுத்து வாசித்துப் பாருங்கள். அவர் இட்ட ஒழுங்குகளை நான்காகச் சுருக்கலாம். ஒவ்வொருவரும் வாரந்தோறும் தம் வசதிக்கேற்பச் சிறிது சிறிதாக ஒதுக்கிவைக்க வேண்டும். வற்புறுத்தலினாலன்றி மனமுவந்து கொடுக்க வேண்டும். சேர்ந்ததைக் கொண்டுபோகிறவர்களைச் சபையாரே தெரிந்தெடுக்க வேண்டும். பணத்தைக் கையாள்வதில் ஒருவரும் குறைசொல்ல இடமிருக்கலாகாது.

நான்காவதைக் கவனியுங்கள். சின்னப்பரைவிட நம்பத்தக்கவர் யார்? அவரே அந்தப் பணத்தைத் தனியாகச் சுமக்க விரும்பவில்லை. தீத்துவையும் வேறு இரு சகோதரரையும் அனுப்பினார். கடவுளுக்கு முன் நேர்மையாயிருந்தால் மட்டும் போதாது, மனிதர் கண்ணுக்கும் அது தெரியவேண்டும் என்பது அவர் எண்ணம். "என்னை நம்பமாட்டீர்களா?" என்று கோபிக்கும் நம் காரியதரிசிமாருக்கு இது நல்ல பாடம்.

முதலில் நோயாளியிடம் கேளுங்கள்

நிதி சேர்க்கப் புறப்படுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, நோயாளியின் சம்மதத்தைப் பெறுவது. அவருக்குத் தெரியாமல் அவர் நோயை ஊரறியச் செய்வது உதவியாகாது. எவற்றைச் சொல்லலாம், எவற்றைச் சொல்லக்கூடாது என்று அவரிடமே கேளுங்கள். பெயரைச் சொல்ல அவர் விரும்பாவிட்டால் "பங்கின் சகோதரர் ஒருவர்" என்பது போதும்.

இக்காலத்தில் நோயாளியின் படத்தையும் வைத்திய அறிக்கையையும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுகிறார்கள். குழாய்கள் பொருத்திய நிலையில் ஒரு தகப்பனின் படம் பரவினால், அதை அவர் பிள்ளைகளின் பள்ளித் தோழர்களும் பார்ப்பார்கள். அவர் குணமடைந்த பின்பும், இறந்த பின்பும்கூட அப்படம் கைமாறிக்கொண்டே இருக்கும். அதே படத்தின் கீழ் வேறொரு வங்கி இலக்கத்தை இட்டு ஏமாற்றுவதும் எளிது. வெளிநாட்டு உறவுகளுக்குச் செய்தி அனுப்புவதாயின், படமின்றி, பங்குத்தந்தையின் கையொப்பமிட்ட கடிதத்தை, முடிவுத் திகதியுடன் அனுப்புங்கள்.

எவ்வளவு வேண்டும்?

நம் நாட்டின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆகவே விசேட வைத்தியரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டே நிதி சேர்க்கத் தொடங்குங்கள். இச்சிகிச்சையை அரச வைத்தியசாலையில் செய்ய முடியுமா? முடியுமாயின் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், அவ்வளவு காலம் காத்திருப்பது ஆபத்தில்லையா? வெளியில் வாங்கவேண்டிய மருந்தோ உபகரணமோ பரிசோதனையோ உண்டா? இம்மூன்று கேள்விகளைக் கேட்காததால் வீணாக வீட்டை ஈடுவைக்கும் குடும்பங்களும் உண்டு.

புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும், வடக்கே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். அங்கே குடும்பத்தை வாட்டுவது பெரும்பாலும் சத்திர சிகிச்சைக் கட்டணமன்று. மாதக்கணக்கான பேருந்துச் செலவு, தங்குமிடம், சத்துணவு, இழந்த நாட்சம்பளம் ஆகியவையே. இதற்கு ஒரே நாளில் பெருந்தொகை சேர்ப்பதைவிட மாதாமாதம் சிறுதொகை கொடுப்பதே ஏற்றது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இலவச வைத்தியசாலையிலிருந்தும் துண்டோடு வெளிக்கடைக்கு ஓடவேண்டி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய செலவுக்கும் சிறிது ஒதுக்குங்கள்.

பிறரிடம் கேட்குமுன் உரிமையாகக் கிடைக்கக்கூடியதைத் தேடுங்கள். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியம், வருமானம் குறைந்தோருக்கு இருதய சத்திர சிகிச்சை, சிறுநீரக மாற்று முதலியவற்றுக்கு உதவுகிறது. 2025ஆம் ஆண்டிலிருந்து பிரதேச செயலகம் ஊடாகவும் விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்கு முன்பே போய் விசாரியுங்கள். அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. தனியார்துறை ஊழியர், ஊழியர் சேமலாப நிதியில் ஒரு பகுதியை வைத்தியத் தேவைக்கு முன்கூட்டிப் பெற வழியுண்டு.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காகவே.

வைத்தியசாலைச் செலவு 14 இலட்சம் ரூபா. பயணமும் தங்குமிடமும் 1 இலட்சத்து 20 ஆயிரம். மூன்று மாத மருந்து 90 ஆயிரம். அந்த மூன்று மாதமும் வீட்டில் அடுப்பெரிய 1 இலட்சத்து 50 ஆயிரம். மொத்தம் 17 இலட்சத்து 60 ஆயிரம்.

குடும்பத்தார் 3 இலட்சமும் உறவினர் 4 இலட்சமும் கொடுத்தால், மிகுதி 10 இலட்சத்து 60 ஆயிரம். பங்கில் 400 குடும்பங்கள் இருந்தால், குடும்பமொன்றுக்குச் சராசரியாக 2,650 ரூபா வருகிறது. சிலர் 200 ரூபாதான் கொடுப்பர், சிலர் 10 ஆயிரம் கொடுப்பர். எட்டமுடியாத மலைபோல் தோன்றிய தொகை, பிரித்துப் பார்த்தபோது சுமக்கத்தக்கதாகிவிட்டது அல்லவா? வீட்டுச் செலவை இக்கணக்கிற் சேர்க்க வெட்கப்படாதீர்கள். தகப்பன் கட்டிலில் கிடக்கும்போது பிள்ளைகள் பட்டினி கிடந்தால், அவர் எப்படி நிம்மதியாகக் குணமடைவார்?

மூவர் பொறுப்பு

நோயாளியின் வீட்டாரை உண்டியலோடு வாசல்வாசலாக அனுப்பாதீர்கள். அவர்கள் இடம் நோயாளியின் அருகே. நிதிக்குப் பொறுப்பாக மூவரைத் தெரிந்தெடுங்கள். ஒருவர் குடும்பத்தின் நம்பிக்கைக்குரியவர், ஒருவர் பங்குச் சபையைச் சேர்ந்தவர், ஒருவர் கணக்கு அறிந்தவர். மூவரில் ஒருவராவது பெண்ணாயிருப்பது நல்லது; நோயாளியின் மனைவி மனந்திறந்து பேச அது உதவும்.

பணம் எவருடைய சொந்தக் கணக்கிலும் சேரக்கூடாது, பங்குத்தந்தையின் சொந்தக் கணக்கிலுங்கூட. இருவர் கையொப்பமிட்டாலன்றி எடுக்க முடியாத வங்கிக் கணக்கொன்றைத் திறவுங்கள். கையிற் கிடைத்ததை மூவரும் சேர்ந்து எண்ணி, எழுதி, கையொப்பமிட்டு, மறுநாளே வங்கியில் இடுங்கள். வைத்தியசாலைக் கட்டணத்தை இயன்றவரை வைத்தியசாலைக்கே நேரடியாகச் செலுத்திப் பற்றுச்சீட்டைக் கோவையில் வையுங்கள்.

இன்னுமொரு எச்சரிக்கை. சிறுநீரக மாற்று வேண்டியவருக்காகச் சேர்த்த பணத்தில் சிறுநீரகம் விலைக்கு வாங்க எவரும் ஆலோசனை கூறினால் மறுத்துவிடுங்கள். மனித உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஓர் ஏழையைக் காப்பாற்ற இன்னோர் ஏழையின் உடலை விலைபேசுவது அறமுமன்று.

எப்படிச் சேர்ப்பது?

இசை நிகழ்ச்சி, நாடகம், களியாட்ட விழா என்பன உற்சாகம் தரும். ஆனால் மேடை, ஒலிபெருக்கி, சாப்பாடு எல்லாம் கழித்தபின் மிஞ்சுவதென்ன என்று முதலிலேயே எழுதிப் பாருங்கள். நுழைவுச்சீட்டு விற்பதாயின் கேளிக்கை வரி பற்றி மாநகர, நகர அல்லது பிரதேச சபையில் விசாரித்துக்கொள்ளுங்கள். கரையோரப் பங்குகளில் ஒரு நாள் தொழிலையும், வயற்பகுதிகளில் சில மரைக்கால் நெல்லையும் கொடுக்கச் செய்யலாம். அப்படிச் செய்தால் காசில்லாதவரும் பங்குகொள்வர்.

எல்லாவற்றிலும் எளியது உறைமுறை. பங்கின் ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கமிட்ட உறை ஒன்றைக் கொடுங்கள். அதே இலக்கமுள்ள துண்டைக் குடும்பத்தார் தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும். எந்த வீட்டுக்கு எந்த இலக்கம் என்று குறிக்க வேண்டாம். எல்லா உறைகளும் ஒட்டியபடி ஒரே ஞாயிறன்று திரும்பி வரட்டும். வெறும் உறையும் வரட்டும். இறுதியில் இலக்கமும் தொகையும் மட்டும் அறிவித்தல் பலகையில் இடப்படும். தாம் கொடுத்தது சேர்ந்ததா என்று ஒவ்வொரு வீட்டாரும் பார்த்துக்கொள்ளலாம். அயலவர் என்ன கொடுத்தார் என்பது எவருக்கும் தெரியாது.

ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசித்தால் கூடுதலாகச் சேரும் என்பார் சிலர். சேரலாம். ஆனால் 100 ரூபா மட்டுமே உள்ள விதவை அன்று கோவிலுக்கு வரமாட்டாள். ஆண்டவர் மெச்சிய காணிக்கை அவளுடையதே என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1833இல் பாரிஸ் நகரில் முத்திப்பேறு பெற்ற பிரெடெரிக் ஒசானாமும் அவர் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் டி போல் சபையினர், தம் கூட்டங்களில் இரகசியப் பை ஒன்றைச் சுற்றிவரச் செய்வது இக்காரணத்தாலேயே. கொடுத்தவர் மறைந்திருக்கட்டும், மொத்தக் கணக்கு வெளிச்சத்தில் இருக்கட்டும்.

பணமில்லாதவரின் கொடை

சத்திர சிகிச்சைக்கு இரத்தம் தேவைப்படலாம். 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட ஆரோக்கியமானவர்கள் 4 மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். பங்கு மண்டபத்தில் இரத்ததான முகாம் நடத்துங்கள். இரவில் வைத்தியசாலையில் துணை நிற்பவர், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிச் செல்பவர், ஒருவேளைச் சாப்பாடு அனுப்புபவர் ஆகியோரின் பெயர்களையும் கிழமைவாரியாக ஒழுங்குசெய்யுங்கள். நோயாளிக்குத் தேவனற்கருணை கொண்டு செல்லவும், நோயில் பூசுதல் திருவருட்சாதனத்தை வேளையோடு வழங்கவும் பங்குத்தந்தைக்கு அறிவியுங்கள். இவற்றுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஆனால் குடும்பம் பின்னாளில் நினைத்திருப்பது இவற்றையே.

மிஞ்சினால்? இறந்துவிட்டால்?

கேட்கக் கடினமான இக்கேள்விகளை முதல் ரூபா வருமுன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இறைவன் சித்தப்படி நோயாளி இறந்தால், செலுத்தவேண்டிய வைத்தியக் கடனுக்கும் அடக்கச் செலவுக்கும் பின் எஞ்சுவது பிள்ளைகளின் கல்விக்கா, பங்கின் நோயாளர் நிதிக்கா? துக்க வீட்டில் இருந்துகொண்டு இதைப் பேச எவராலும் முடியாது. முன்பே எழுதியிருந்தால் சண்டையுமில்லை, சந்தேகமுமில்லை. அறிவித்தலிலேயே இதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்:

"மொத்தத் தேவை 17 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. குடும்பத்தாரும் உறவினரும் 7 இலட்சம் ஆயத்தம் செய்துள்ளனர். மிகுதிக்கு உங்கள் உதவியை நாடுகிறோம். உறைகள் மாதக் கடைசி ஞாயிறன்று ஏற்கப்படும். அடுத்த ஞாயிறு கணக்கு அறிவித்தல் பலகையில் இடப்படும். மிஞ்சும் பணம் பங்கின் நோயாளர் நிதியைச் சேரும்."

சிகிச்சை முடிந்ததும் வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதி மூவரும் கையொப்பமிட்டு மக்கள்முன் வாசியுங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடமே அடுத்த நோயாளிக்கு நாம் வைத்துவிட்டுப் போகும் முதலீடு.

கப்பர்நாகூமில் முடக்குவாதக்காரனைக் கட்டிலோடு சுமந்து வந்தவர்கள் நால்வர். வாசலில் இடமில்லாததால் கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு பிரான் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டே அவனோடு பேசினார் என்கிறார் புனித மாற்கு. நால்வரில் ஒருவன் தன் மூலையைக் கைவிட்டிருந்தால் கட்டில் கவிழ்ந்திருக்கும். கொடுப்பவர், சேர்ப்பவர், கணக்கு வைப்பவர், பக்கத்திலிருந்து பார்ப்பவர் என நம் பங்கிலும் நான்கு மூலைகள் உண்டு. உங்கள் மூலை எது?

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் ஒருவர் கடும் நோயுற்றால், பிறரிடம் உதவி கேட்க நாம் வெட்கப்படுவோமா? ஏன்?

2. நம் பங்கில் முன்பு சேர்த்த நிதி எதற்காவது இன்னும் கணக்குக் காட்டப்படாதிருக்கிறதா? குறைகூறாமல் அதை மூடிவைக்க நாம் எப்படி உதவலாம்?

3. இந்த மாதம் நம் அயலிலுள்ள ஒரு நோயாளிக்குப் பணமின்றி நாம் செய்யக்கூடிய ஓர் உதவி எது?