நீல அட்டையும் மறுநுழைவு அனுமதியும்

சென்னை விமான நிலையத்தில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நிரந்தரவாசி அவர். மனைவியும் பள்ளி செல்லும் இரு பிள்ளைகளும் ஈசூனில் இருக்கிறார்கள். நோயுற்ற தாயாரைப் பார்க்க ஊருக்கு வந்தவர், நினைத்ததைவிடக் கூடுதல் நாள் தங்க நேர்ந்தது. நீல நிற அடையாள அட்டை பணப்பையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால், அவருடைய மறுநுழைவு அனுமதி சென்ற வாரமே காலாவதியாகிவிட்டது.

சிங்கப்பூரில் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டையும் நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டையும் வழங்கப்படுகின்றன. வைத்திருப்பவர் யார் என்பதை அட்டை காட்டும். 30 வயதிலும் 55 வயதிலும் புதிய படத்துடன் மறுபதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால், வெளிநாடு சென்று நிரந்தரவாசியாகவே திரும்பி வரும் உரிமையை அந்த அட்டை தருவதில்லை. அதைத் தருவது மறுநுழைவு அனுமதி. பெரும்பாலும் 5 ஆண்டுகளுக்கு வழங்கப்படும் இந்த அனுமதி, கணினிப் பதிவாகவே இருக்கிறது. அட்டையைப் புரட்டிப் பார்த்தாலும் அதன் முடிவுத் தேதி தெரியாது. ஆகவே, மறந்துவிடுவது எளிது.

சிங்கப்பூருக்குள் இருக்கும்வரை, அனுமதி காலாவதியானாலும் நிரந்தரவாசத் தகுதி போய்விடாது. எல்லையைக் கடக்கும்போதுதான் சிக்கல். ஜொகூர் பாருவுக்குச் சாப்பிடப் போனாலும் அது வெளிநாட்டுப் பயணம்தானே!

அனுமதியில்லாமல் வெளிநாட்டில் இருப்பவர், புதிய அனுமதிக்கு 180 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2025 டிசம்பர் 1 முதல் இந்த விதி நடப்பில் உள்ளது. விண்ணப்பிக்கத் தவறினாலும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் தகுதியை இழக்க நேரிடும். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் விண்ணப்பதாரரின் வேலை, குடும்பப் பிணைப்பு போன்றவற்றைக் கருத்தில் கொள்கிறது. பணம் கட்டியவுடன் கிடைத்துவிடும் சீட்டு அன்று இது. காலாவதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே சிங்பாஸ் வழியாக விண்ணப்பிக்கலாம் என்பதை அவர் இப்போதுதான் படிக்கிறார்.

இருக்கையில் அமர்ந்து, கைப்பேசியிலேயே விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்குகிறார். பயணச்சீட்டின் தேதியையும் மாற்ற வேண்டும். அதற்கு முன் மகளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறார்: "அப்பா இன்று வரவில்லை, அம்மாவிடம் சொல்."