ஊரை ஆராய்ந்த மாணவர்கள்

ஆராய்ச்சி என்றவுடன் நம்மிற் பலருக்கு முனைவர் பட்டமே நினைவுக்கு வருகிறது. இளங்கலை மாணவர் பாடம் கேட்பவர், குறிப்பெடுப்பவர், தேர்வெழுதுபவர்; ஆராய்வது அவர் வேலையன்று என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. இது பிழையான எண்ணம் என்பதற்கு, நூறாண்டுக்கு முன்பே நம் பாலக்காட்டு மண்ணையும் தொட்டுச் சென்ற சான்று ஒன்று உண்டு.

கில்பர்ட் சிலேட்டர் 1915ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பொருளியற் பேராசிரியராக வந்தார். அதற்குமுன் அவர் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்க்குக் கல்வியளித்த ரஸ்கின் கல்லூரியின் தலைவராயிருந்தவர். நாட்டின் கிராமங்களை அறியாமல் நாட்டின் பொருளியலைக் கற்பிக்க இயலாது என்று அவர் கண்டார். ஆனால் அக்கிராமங்களை அறிந்தவர் யார்? அவர் முன்னே அமர்ந்திருந்த மாணவர்களே! ஆகவே வினாப்பட்டியல் ஒன்றை வகுத்து மாணவர் கையிற் கொடுத்தார். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது வீடுகளையும் மக்களையும் எண்ணுங்கள். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள் என்பதே அவர் இட்ட பணி.

மாணவர் கொண்டுவந்தவற்றைப் பேராசிரியர் திருத்திச் செப்பனிட்டார். 1918இல் அவை 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக வெளிவந்தன. திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டின் தூசி, தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. மலபாரிலிருந்து இடம்பெற்றவற்றுள் ஒன்றான கோதச்சிறை இன்று பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது.

அப்பணியின் பெருமை பின்னரே விளங்கியது. 1936-37இல் பேராசிரியர் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்வித்தனர். அந்நூல் 1940இல் வெளிவந்தது. 1960களிலும் 1980களிலும் வேறு அறிஞர்கள் அவற்றுட் சில ஊர்களுக்குச் சென்றனர். கூலி உயர்ந்ததா, நிலம் கைமாறியதா என்று அவர்களால் ஒப்பிட முடிந்தது ஏன்? 1916இல் ஒரு மாணவர் நேரிற் கண்டதை எண்ணோடும் நாளோடும் எழுதிவைத்தார். அதனாற்றான்!

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடங்கள் மூன்று.

முதலாவது, வினா சிறிதாக இருக்கவேண்டும். 'இந்திய வறுமை' என்பது தலைப்பேயன்றி வினாவன்று. 'எங்கள் தெருவில் எத்தனை குடும்பங்கள் யாரிடம் கடன்பட்டுள்ளன?' என்பதே வினா.

இரண்டாவது, வழிகாட்டி வேண்டும். வழிகாட்டி விடை சொல்பவர் அல்லர். 'இதை எவ்வாறு அறிந்தாய்? வேறொருவர் எண்ணினாலும் இதே தொகை வருமா?' என்று கேட்பவரே நல்ல வழிகாட்டி.

மூன்றாவது, துறைகளின் வேலியைத் தாண்டவேண்டும். பாலக்காட்டின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவது பற்றிய வழக்கு எழுந்தபோது, கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் ஐவர் கூடி 1979இல் ஓர் அறிக்கை எழுதினர். தாவரவியல், பொறியியல், வேளாண்மை, பொருளியல் எனப் பல துறை அறிவும் அதில் ஒருங்கே நின்றன. காட்டின் அருமையைச் சொன்னதோடு நில்லாமல், மின்சாரத்துக்கு வேறு வழி உண்டா என்றும் கணக்கிட்டனர். அவ்வழக்கில் அவ்வறிக்கை பெரிதும் எடுபட்டது. அணைத்திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நம் எல்லைப்புறத்தில் இத்தகைய பணிக்கு இடமில்லையா? சித்தூர் வட்டத்தை நோக்குங்கள். பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்படிக்கை 1970இல் கையெழுத்தாயிற்று. அதன்படி ஆண்டுதோறும் மணக்கடவில் 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு விடப்படவேண்டும். அந்நீர் கடைமடை வயலை எந்த நாளில் எட்டுகிறது? வேதியியல் மாணவர் கிணற்று நீரைச் சோதிக்கலாம். பொருளியல் மாணவர் விளைச்சலைக் கணக்கிடலாம். தமிழ் மாணவர் மதகுக்கும் வாய்க்காலுக்கும் உழவர் வழங்கும் சொற்களைத் தொகுக்கலாம். மூவர் குறிப்பும் ஒன்றுசேர்ந்தால் ஓர் ஆறு பேசும்!

இடுக்கி மலைக்கு ஏறுவோம். மூணாற்றைச் சூழ்ந்த மலைகளில் 2006இலும் 2018இலும் பூத்த நீலக்குறிஞ்சி மீண்டும் 2030இல் பூக்கவேண்டும். எந்தச் சரிவில், எந்த நாளில், எவ்வளவு பரப்பில் பூத்தது என்று இன்றைய மாணவர் குறித்துவைத்தால், 2042இல் வருபவர் அதனோடு ஒப்பிடுவர். மறையூரிற் பெருங்கற்காலத்து முனியறைகள் உள்ளன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லமும் உண்டு. தொல்லியலுக்கும் வேளாண்மைக்கும் அவ்வூர் ஒன்றே போதும்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதையுண்டன. 70 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். எந்தச் சரிவின் கீழ் எத்தனை லயங்கள் நிற்கின்றன, மழையின் அளவு என்ன, முன்பு எங்கே மண் சரிந்தது என்று முதியோர் நினைவிலுள்ளவை யாவை? இவற்றைத் தொகுப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டா. புவியியல் மாணவர் ஒருவரும் வரலாற்று மாணவர் ஒருவரும் போதும். அம்முதியோர் மறைந்தபின் அந்நினைவை எந்த நூலகத்திலும் தேட முடியாது.

காலமும் கனிந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969இலேயே இளங்கலை மாணவரைப் பேராசிரியரோடு ஆராய்ச்சியில் இணைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கேரளப் பல்கலைக்கழகங்களில் 2024 முதல் நான்காண்டு இளங்கலைப் படிப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த முறைப்படி, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமற் பெற்றோர் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியைத் தேரலாம். ஆயினும் விடுமுறைக்கு ஊர் செல்லும் எந்த மாணவரும் குறிப்பேடு எடுத்துச் செல்லலாம். அதற்கு மதிப்பெண் தடையன்று.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஊரார் சொன்னதை அவர்கள் இசைவோடு எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கண்டதாக எழுதாதீர்கள். முடிந்ததும் ஒரு படியைத் தமிழில் எழுதி அவ்வூர்ப் படிப்பகத்தில் வையுங்கள். நம்மிற் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். ஊரை விட்டு வெளியேறுவதற்கு மட்டுமா கல்வி? ஊரை அறிவதற்கும் அதுவே கருவி. வரும் விடுமுறையில் ஒரு வினாவோடு ஊருக்குச் செல்வோம்!