சிவப்புக் கோட்டுக்குள் ஒரு தெரு

வங்கி தன் சொந்தப் பணத்தை மட்டுமே கடனாகக் கொடுப்பதில்லை. மக்கள் செலுத்தும் சேமிப்பே பெரும்பாலும் பிறருக்குக் கடனாகச் செல்கிறது. அவ்வாறாயின், ஒரு தெருவினரின் சேமிப்பை ஏற்றுக்கொள்ளும் வங்கி, அவர்கள் வீடு வாங்கக் கடன் கேட்கும்போது மறுக்கலாமா? அமெரிக்காவில் இவ்வினா ஒரு சட்டத்தையே தோற்றுவித்தது.

1930களில் அந்நாட்டு அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடங்கள் தயாரித்தது. சிறந்த பகுதிக்குப் பச்சை. அடுத்து நீலம், மஞ்சள். இடர் மிக்கதற்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறத்தாழ அனைத்தும் சிவப்பாயின. இத்தகைய பகுதிகளிலிருந்து வங்கிகள் ஒதுங்கின. கடன் கேட்பவர் நாள்தவறாமல் உழைப்பவரா, நாணயமானவரா என்பதைவிட அவருடைய முகவரியே பெரிதாயிற்று. ஆங்கிலத்தில் ‘ரெட்லைனிங்’ எனப்பட்ட இவ்வழக்கத்தை நாம் ‘செங்கோடிடுதல்’ எனலாம்.

கடன் கிடைக்காத தெருவில் கூரை ஒழுகினாலும் பழுதுபார்க்கப் பணம் இராது. வீடுகள் சிதையும், விலை குறையும். உடனே, “இது இடர் மிக்க பகுதி என்று அன்றே சொன்னோமே!” என்பர் வங்கியார். தாம் வளர்த்த நோயையே தமக்குச் சான்றாகக் காட்டினர்! சிகாகோ நகரில் வங்கிக்கடன் பெற இயலாத கறுப்பினக் குடும்பங்கள் பல, வீட்டு வணிகர்களிடம் மிகுந்த விலைக்குத் தவணைமுறையில் வீடு வாங்கின. ஒரு தவணை தவறினாலும் வீட்டை இழக்க நேரிடும். அதுவரை கட்டிய பணமும் திரும்பாது.

அந்நகரின் ஆஸ்டின் பகுதியில் வாழ்ந்தவர் கேல் சின்கோட்டா. ஆறு மகன்களின் தாயான இவர், பிள்ளைகளின் பள்ளிக் குறைகளைப் பேசவே முதலில் பெற்றோர் சங்கத்திற்குச் சென்றார். பின்னர், தம் பகுதி நலிவதன் காரணத்தைத் தேடி வங்கிகளின் வாயிலுக்கு வந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அவருடன் திரண்டனர். எனினும், வெறும் குறைகூறல் போதாது, கணக்கு வேண்டும். வங்கிகள் எப்பகுதியில் எவ்வளவு வீட்டுக்கடன் வழங்கின என்பதை வெளியிட வேண்டும் என 1975இல் சட்டம் பிறந்தது. செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயரின் முயற்சியால் 1977இல் சமுதாய மறுமுதலீட்டுச் சட்டம் நிறைவேறியது.

இச்சட்டப்படி வங்கிகளும் தேர்வு எழுதுகின்றன என்றே கூறலாம்! எளிய வருவாயினர் வாழும் பகுதிகள் உட்பட, தாம் இயங்கும் இடங்களின் கடன் தேவையை அவை எவ்வளவு நிறைவேற்றின என அதிகாரிகள் ஆராய்ந்து, நான்கு தரங்களுள் ஒன்றை அளிப்பர். தரம் தாழ்ந்தால் தண்டம் இல்லை. ஆனால் புதிய கிளை திறக்கவோ வேறொரு வங்கியுடன் இணையவோ இசைவு பெறுவது கடினமாகும். திருப்பிச் செலுத்த இயலாதவர்க்கும் கடன் கொடு என்று சட்டம் வற்புறுத்தவில்லை. பெரும்பாலான வங்கிகள் தேறிவிடுவதால், தேர்வு மிக எளிதோ என்று ஐயுறுவோரும் உளர்.

நம் நாட்டின் வழி வேறு. வணிக வங்கிகள் தம் கடனில் 40 விழுக்காட்டை வேளாண்மை, சிறுதொழில் முதலிய முன்னுரிமைத் துறைகளுக்கு வழங்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. நாம் துறையைப் பார்க்கிறோம். அமெரிக்கச் சட்டம் இடத்தைப் பார்க்கிறது.

அருஞ்சொற்பொருள்
இடர் – ஆபத்து. இசைவு – அனுமதி. நலிதல் – சீர்கெடுதல். விழுக்காடு – சதவீதம்

வினாக்கள்
1. ‘தாம் வளர்த்த நோய்’ என ஆசிரியர் எதனைக் குறிப்பிடுகிறார்?
2. 1975ஆம் ஆண்டுச் சட்டம் 1977ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு எவ்வாறு துணைநின்றிருக்கும்?
3. உங்கள் பகுதியில் கடை வைத்திருப்பவர் ஒருவரிடம், முதல் பணத்தை எவ்வாறு திரட்டினார் எனக் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.