பின் பலகையைத் தட்டிப் பார்

திருநின்றவூர்

அன்புள்ள தம்பி,

பழைய ஸ்பீடு போட் ஒன்றை வாங்கி டிரெய்லரோடு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறாய். 14 அடி ஃபைபர் உடல், ஐந்தரை அடி அகலம், 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பொங்கலுக்குள் பழவேற்காட்டு ஏரியில் இறக்கிவிட வேண்டும் என்ற அவசரம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. எஞ்சின் ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாய். அந்த எஞ்சின் தொங்குகிற பின் பலகையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஃபைபர் அழுகாது என்று விற்றவர் சொல்லியிருப்பார். அது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துப் படகுகளில் ஃபைபர் வெறும் தோல். பின் பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கும், தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு கட்டைகளும் பெரும்பாலும் மரம்தான். எஞ்சினை முடுக்க நான்கு போல்ட், தண்ணீர் வடிய ஒரு துளை, ஏணிக்கு இரண்டு ஸ்க்ரூ என்று ஒவ்வொருவரும் ஓட்டை போட்டிருப்பார்கள். ஓட்டையின் விளிம்பில் பூசிய சீலண்ட் வெடித்துப் போனால் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி கிடையாது. வெளியில் பெயின்ட் பளபளக்கும், உள்ளே பலகை ஊறிய ரொட்டியாகிக் கிடக்கும். எஞ்சின் எடை ஏறத்தாழ 70 கிலோ. படகு ஓடும்போது எஞ்சின் தள்ளும் விசை முழுவதும் அந்தப் பலகை வழியாகத்தான் படகுக்குப் போகிறது. நடுத் தண்ணீரில் அது கழன்றால் எஞ்சின் மட்டும் போகாது, படகின் பின்பக்கம் திறந்துகொள்ளும்.

ஒரு சிறிய சுத்தியலின் பிடியால் பின் பலகை முழுவதையும் தட்டிப் பார். நல்ல இடம் கணீரென்று கேட்கும், கெட்ட இடம் மந்தமாகக் கேட்கும். பிறகு எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் பலமாக அசை. எஞ்சினோடு சேர்ந்து பலகையும் வளைந்து கொடுத்தால் பதில் கிடைத்துவிட்டது. அப்போதும் சந்தேகம் இருந்தால் உள்பக்கத்திலிருந்து, அடியை ஒட்டி, ஒரு சிறு துளை போட வேண்டும். வெளியே வரும் தூள் வெளிறி, காய்ந்து இருந்தால் பலகை பிழைத்தது. கறுத்து, ஈரமாக, புளித்த வாடை அடித்தால் பலகையை மாற்றியே ஆக வேண்டும். மேலே இன்னொரு பூச்சு பூசி மூடிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டும் வேலை அது.

இன்னொரு சோதனை உண்டு. யாரும் செய்வதில்லை, செலவும் அதிகமில்லை. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் லாரிகளை எடை போடும் எடைமேடைக்குப் படகை இழுத்துப் போ. டிரெய்லரோடு ஒருமுறை, டிரெய்லர் மட்டும் ஒருமுறை எடை போடு. எஞ்சினைக் கழித்த மீதி, அந்த அளவு படகுக்கு இருக்க வேண்டியதைவிட நூறு கிலோவுக்கு மேல் போனால் தரைக்கு அடியில் இருக்கும் மிதவை ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது. ஒரு கன அடித் தண்ணீர் 28 கிலோ. நான்கு கன அடி ஊறிய ஃபோம் என்றால் எப்போதும் இறங்காத இரண்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறாய் என்று கணக்கு. அமெரிக்காவில் 1958இல் வந்த பாஸ்டன் வேலர் படகை நடுவில் ரம்பத்தால் அறுத்து, பாதிப் படகில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார்கள். இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே அடைத்த ஃபோம்தான் அந்தத் தைரியத்தைக் கொடுத்தது. காய்ந்த ஃபோம் உன்னை மிதக்கவைக்கும். ஊறிய ஃபோம் நீ எதிர்பார்க்காத நேரத்தில் கைவிடும்.

பலகை மாற்றும் வேலையைக் காசிமேட்டு ஃபைபர் பட்டறை ஆட்களிடம் கொடுப்பதே நல்லது. நீயே செய்வேன் என்றால் இரண்டு விஷயம். பழைய ஃபைபரோடும் மரத்தோடும் எபாக்ஸி பிடிப்பதுபோல் சாதாரண பாலியஸ்டர் ரெசின் பிடிக்காது. காசு கூட ஆனாலும் பின் பலகைக்கு எபாக்ஸி போடு. மற்ற சின்ன வேலைகளுக்குப் பாலியஸ்டர் எடுத்தால், கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது. வெடிக்கும். முதலில் ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் உனக்கு ரசாயனத்துக்குப் பக்கத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தொழிற்சாலையில் இருக்கும் கவனம் வீட்டு ஷெட்டில் இருப்பதில்லை, அதைப் பார்த்திருக்கிறேன். நம் ஊர் வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கு. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாதே. மரம் காய மாசியும் பங்குனியும் வேண்டும். அப்படியானால் பொங்கல் கணக்கு தள்ளிப்போகிறது, தெரிகிறது. போகட்டும்.

நம் ஊர் பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். அப்படியும் அவர் அவசரப்படவில்லை. அஸ்திவாரத்திலிருந்து விமானம்வரை வரிசையாக நினைத்து, நாள் பார்த்துக் குடமுழுக்குக்கு வந்தார். கையில் படகே இருக்கும் நீ ஒரு நோட்டை எடுத்து, எதைக் கழற்றிய பிறகு எதைத் தொடுவது, எதற்கு என்ன பொருள் வேண்டும் என்று முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பார். பாதியில் கழற்றிப் போட்டு வருஷக்கணக்கில் கிடக்கும் படகுகள் எல்லாம் அந்த நோட்டு இல்லாமல் ஆரம்பித்தவைதான்.

இனி எஞ்சின். வாசலில் ஸ்டார்ட் செய்து பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாயே, தண்ணீர் கொடுத்தாயா? அவுட்போர்டு எஞ்சின் ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அதை உறிஞ்சும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் சுற்றினால் சில நொடிகளில் தேய்ந்து கருகும். ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, அடிக்கால் நன்றாக மூழ்கும்படி வைத்துத்தான் இனி ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் ஒரு தாரையாகப் பீச்ச வேண்டும். பழைய எஞ்சின் என்றால் இம்பெல்லரைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடு. கியர் ஆயிலை அடியிலிருந்து வடித்துப் பார். பால் நிறத்தில் வந்தால் சீல் போயிருக்கிறது, உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது.

பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின் செய்யப்பட்ட காலத்தில் பெட்ரோல் வெறும் பெட்ரோலாக இருந்தது. இப்போது நம் பங்குகளில் வருவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் மெல்ல அரித்து இளக்கும். அதைவிட மோசம், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஒரு அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சினுக்கு எண்ணெய் தனியாகக் கிடையாது, பெட்ரோலில் கலந்து வருவதுதான். அடியில் பிரிந்த அந்தக் கலவையில் எண்ணெய் ஏறக்குறைய இருக்காது. அதை உறிஞ்சினால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அதனால் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்று, அன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கு, மீந்ததைப் படகில் விடாதே. எஞ்சின் தகட்டில் 50க்கு 1 என்று இருந்தால் 10 லிட்டருக்கு 200 மில்லி எண்ணெய். டிசி-டபிள்யூ3 என்று போட்ட படகு எஞ்சின் எண்ணெயை வாங்கு. பைக் எண்ணெய் காற்றில் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது, இதற்குச் சேராது.

பழவேற்காட்டுத் தண்ணீர் வெயில் காலத்தில் உப்பு ஏறி, வடகிழக்குப் பருவமழையில் உப்பு குறைந்து, வருஷம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும். எஞ்சினின் அடியில் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டி ஒன்று இருக்கும். துத்தநாகக் கட்டி கடலுக்குச் சரி, உப்பு குறைந்த நீரில் மேலே படலம் கட்டி வேலை செய்யாமல் போகும். உனக்கு அலுமினியக் கட்டிதான் பொருந்தும். ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓட்டிக் கழுவு.

அடுத்தது ஒரு கயிறு. ஓட்டுபவரின் இடுப்பிலோ மணிக்கட்டிலோ ஒரு முனை, எஞ்சின் சுவிட்சில் மறு முனை. ஆள் விழுந்தால் கயிறு சுவிட்சைப் பிடுங்கி எஞ்சினை நிறுத்திவிடும். உன் எஞ்சின் வயதில் இது இருக்காது. தனியாக வாங்கிப் பொருத்தலாம், நீ இந்தப் படகுக்குச் செய்யும் செலவுகளிலேயே சின்னது அதுவாகத்தான் இருக்கும். ஆள் விழுந்த பிறகு ஆளில்லாத ஸ்பீடு போட் பெரும்பாலும் வட்டமடிக்கும், விழுந்தவர் மீதே திரும்பி வரும். ஆக்சிலரேட்டர் கேபிளையும் புதிதாகப் போடு. உப்புக் காற்றில் உள்ளே துருவேறிய கேபிள் திறந்த நிலையில் சிக்கிக்கொள்ளும். 2024 டிசம்பர் 18 அன்று மும்பையில் எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படை ஸ்பீடு போட் கட்டுப்பாடு இழந்து, எலிபெண்டா தீவுக்குப் பயணிகளோடு போன நீல்கமல் படகின் மீது மோதியதையும் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும் நீ மறந்திருக்க மாட்டாய். பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே அது நடந்தது. புதிதாக வேலை பார்த்த எஞ்சினை ஆள் நடமாட்டம் உள்ள தண்ணீரில் முதல்முறை முடுக்கக் கூடாது.

வேகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். இந்த அளவு படகு மணிக்கு 9 கிலோமீட்டர் வரை தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும். இன்னும் முடுக்கினால் அணியம் மேலே தூக்கி, அமரம் கீழே அமுங்கி, தன் அலை மீதே ஏறத் திணறும். அதைத் தாண்டினால்தான் படகு படிந்து நீர்மேல் சறுக்கும். பெரிய அலை எழுவது முழு வேகத்தில் அல்ல, அந்த நடு நிலையில். மரியாதைக்காகப் பாதி வேகத்துக்குக் குறைத்துக் கட்டுமரத்தின் பக்கத்தில் போகிறவர்கள் அதிகக் கெடுதல் செய்கிறார்கள். தூரத்திலேயே முழுக்கக் குறைத்து, அணியம் இறங்கிய பிறகு ஊர்ந்து போ.

இனிதான் எனக்குப் பெரிய கவலை. எங்கே ஓட்டப் போகிறாய்? நம் ஊர் ஈசா ஏரி அதற்கான இடமில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் சென்னை குடிக்கிற தண்ணீர். கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக், குடிக்கிற பெட்ரோலில் ஏறத்தாழ கால் பங்கை எரிக்காமலே தண்ணீரில் துப்பிவிடும். பழவேற்காட்டில் நம் மாநிலத்துப் பகுதி 1980இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை பூநாரைகள் அங்கே இரை தேடி நிற்கும். ஒரு எஞ்சின் சத்தத்தில் கூட்டமே எழுந்து பறந்தால் அவை தின்ற இரை வீண். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் படகைத் திருப்பாதே.

சரணாலயத்துக்கு வெளியே இருப்பதும் யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீர் அல்ல. பழவேற்காட்டு மீனவ ஊர்களுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பாடு முறை இருக்கிறது. எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் இறால் பிடிக்கக் கம்பு நட்டுச் சுற்று வலை கட்டுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்குத் தன் முறை வந்தவர் அதற்காக நாள் கணக்கில் காத்திருந்தவர். உன் புரொப்பல்லர் அந்த வலையைக் கிழித்தால் அன்றைய கூலியும் போச்சு, முறையும் போச்சு. தண்ணீரின் ஆழமும் பல இடங்களில் மூன்றடிதான், முகத்துவாரத்து மணல் மாதத்துக்கு மாதம் நகரும். எந்த வரைபடமும் உதவாது. முதலில் படகில்லாமல் போ. ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து, எங்கே போகலாம், எங்கே கூடாது என்று கேள். அங்கேயே பிறந்த ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட உட்காரவைத்துக்கொள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் மீனவர்களே கடலுக்குப் போவதில்லை. அதையும் அவர் சொல்லித்தான் உனக்குத் தெரியும்.

அம்மாவையும் அக்கா பிள்ளைகளையும் ஏற்றிப் போக ஆசை என்று எழுதியிருக்கிறாய். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், உயிர்காப்பு உடை இல்லை. சின்னப் படகுக்கு ஒரு கணக்கு உண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகு. உனக்கு 77ஐ 15ஆல் வகுத்தால் ஐந்து. அது அமைதியான தண்ணீரில், முழு உறுதியான படகில் உச்ச வரம்பு. பழைய படகில் மூன்று பேருக்கு மேல் ஏற்றாதே. உயிர்காப்பு உடை சீட்டுக்கு அடியில் இருந்தால் பயனில்லை, கரையிலேயே எல்லோரும் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைக்குக் குழந்தை அளவில் தனியாக வாங்கு. கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554 உன் ஃபோனில் இருக்கட்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்நாட்டு நீர்வழிகளில் எஞ்சின் வைத்து ஓடும் கலங்களுக்கு 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் தகுதிச் சான்றும் காப்பீடும் வேண்டும். விற்றவரிடம் பழைய பதிவுத் தாள், எஞ்சின் எண், கைமாறிய ரசீது மூன்றையும் இன்றே கேட்டு வாங்கு. 2008இல் மும்பைக்குள் வந்த பயங்கரவாதிகள் எஞ்சின் பூட்டிய ரப்பர் படகில்தான் கரையேறினார்கள். அதற்குப் பிறகு எண் இல்லாத வேகப் படகைக் கடலோரப் போலீஸ் சும்மா விடுவதில்லை, விடவும் கூடாது. காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களின் பக்கம் போகவே போகாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. எடைமேடைச் சீட்டு, எஞ்சின் தகட்டின் ஃபோட்டோ, விற்றவர் கொடுத்த தாள்கள் எல்லாவற்றையும் எடுத்து வா. பின் பலகையில் துளை போட 6 மில்லிமீட்டர் பிட்டும், துளையைத் திரும்ப அடைக்க எபாக்ஸியும் என்னிடம் இருக்கின்றன. அதுவரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதே.

அன்புடன்,
உன் அண்ணன்