சட்டமும் சங்கற்பமும்

கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1950-இலேயே இயற்றப்பெற்றது. பெரும்பாலும் ஏட்டளவிலேயே கிடந்த அதனை 2003-இல் அரசு செயற்படுத்த முனைந்தது. எதிர்ப்பு மிகவே, 2004-இல் சட்டமே நீக்கப்பெற்றது. நாம் மகிழ்ந்தது சில திங்கள்களே. நேர்ந்துகொண்டவரின் அச்சத்தைப் போக்காது கத்தியை மட்டும் பிடுங்கினால் நிலைக்குமோ?

யசோதர காவியத்தில் பலியானது மாவினாற்செய்த கோழியே. எனினும் கொல்லும் எண்ணத்தால் தாயும் மகனும் விலங்குப் பிறவிகளில் உழன்றனர். இதனைக் காட்டி, ஆட்டிற்கு மாற்றாகப் பூசணிக்காய் வெட்டுவதையும் நம்மவருட் சிலர் பழிப்பர். நாம் உடன்படோம், ஆடு பிழைத்ததன்றோ! பூசணி வெட்டுவோருடன் பழகி, சங்கற்ப இம்சை யாதென உணர்த்தி, கொல்லாமையை அவரே அணுவிரதமாக ஏற்கச் செய்தல் அடுத்த படி. அதற்குத் திருவிழாவின் முதல்நாள் வழங்கும் துண்டறிக்கை போதாது. ஆண்டு முழுதும் அவ்வூர்க்குச் சென்றுவருதல் வேண்டும்.