டி. பி. ராஜலட்சுமி: ‘முதல்’ என்னும் அடைமொழியும் எழுத்தாளர் என்னும் அடையாளமும்

ஆய்வுச் சுருக்கம்

திருவையாற்றில் பிறந்த டி. பி. ராஜலட்சுமி (1911–1964) தமிழ்ப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி என்றும், தமிழில் படம் இயக்கிய முதல் பெண் என்றும் அறியப்படுபவர். இவ்விரு சிறப்புகளும் அவர் ஒரு புதின ஆசிரியர் என்னும் உண்மையை மறைத்துவிட்டன. அவருடைய ‘கமலவல்லி’ என்னும் புதினம் ‘மிஸ் கமலா’ (1936) என்னும் படமாக மாறியதை மையமாகக் கொண்டு, அவரை ஓர் எழுத்தாளராக வாசிக்க இக்கட்டுரை முற்படுகிறது.

திறவுச் சொற்கள்: திருவையாறு, ஸ்பெஷல் நாடகம், காளிதாஸ், கமலவல்லி, மிஸ் கமலா, பாட்டுப் புத்தகம்.

முன்னுரை

தமிழ்த் திரை வரலாற்றை எழுதியோர் எவரும் ராஜலட்சுமியைக் குறிப்பிடாமல் விட்டதில்லை. எனினும், குறிப்பிடும் முறை பெரும்பாலும் ஒன்றாகவே அமைகிறது. 1931ஆம் ஆண்டும் 1936ஆம் ஆண்டும் சுட்டப்படும், இரு ‘முதல்’கள் பதிவாகும், அத்துடன் வரலாறு வேறிடம் நகர்ந்துவிடும். ஒருவர் எதையேனும் முதலில் செய்தார் என்பது அவர் என்ன செய்தார் என்பதற்கு விடையாகாது. தமிழ்ப் புதின வரலாறோ அவரைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. வை. மு. கோதைநாயகி அம்மாளின் சமகாலத்தவராகப் புதினம் எழுதிய ஒரு பெண், நடிகை என்பதாலேயே இலக்கியத் துறையின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டார் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

ஐயாறும் மேடையும்

ராஜலட்சுமி 1911 நவம்பர் 11 அன்று பிறந்தார். அவருடைய முன்னெழுத்துகளில் ‘டி’ திருவையாற்றையும் ‘பி’ தந்தையார் பஞ்சாபகேசனையும் குறிப்பன. ஆபகா என்னும் வடசொல்லுக்கு ஆறு என்பது பொருள். பஞ்ச ஆபகா ஈசன் என்பதே பஞ்சாபகேசன் ஆயிற்று. ஆகவே ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் ஒரே ஐயாற்றைத்தான் இரு மொழிகளில் சுட்டுகின்றன.

குழந்தைப் பருவத்திலேயே அவருக்கு மணம் நடந்தது. வரதட்சிணைப் பிணக்கால் அம்மணம் நிலைக்கவில்லை. குழந்தைமணத் தடுப்புச் சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். தந்தையும் மறைந்தபின் தாயுடன் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்து, சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார். குடும்பப் பெண்கள் மேடையேறுவது இழிவாகக் கருதப்பட்ட காலத்தில், மணமுறிவுக்கு ஆளான ஓர் அந்தணச் சிறுமி எடுத்த இம்முடிவைக் கலையார்வம் என்று மட்டும் விளக்கிவிட இயலாது. வாழ்வாதாரத் தேவையும் அதில் இருந்தது.

அக்கால நாடக உலகில் பாலர் கம்பெனிகள் வலிமை பெற்றிருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை அவற்றுள் தலையாயது. அத்தகைய கம்பெனிகளில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். இதற்கு மாறான ஒரு மரபும் காவிரிப் படுகையில் இருந்தது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் முற்றிலும் பெண்களைக் கொண்ட குழுவை நடத்திப் பெரும்புகழ் பெற்றார். எனவே ராஜலட்சுமியை முன்மாதிரியே இல்லாத ஒரு தனிப் பிறவியாகக் காட்டுவது பொருந்தாது. அவர் தழைத்த களமோ ஸ்பெஷல் நாடகம். நடிகர்கள் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓரிரவுக்கு மட்டும் ஒன்றுகூடி நடிக்கும் அவ்வகையில் ஒத்திகை என்பது பெயரளவுக்கே உண்டு. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் தர்க்கப் பாடல்களில் ஒருவரையொருவர் மடக்க முயல்வர். அங்கு நிலைக்க விரும்பும் நடிகைக்குக் குரலைப் போலவே நொடியில் சொல் புனையும் ஆற்றலும் வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் நடிப்பன்று அது. ராஜலட்சுமியின் எழுத்துப் பயிற்சி ஏட்டில் தொடங்குவதற்கு முன்பே இம்மேடையில் தொடங்கிவிட்டது எனலாம்.

‘காளிதாஸ்’: கீர்த்தனையும் ராட்டையும்

ஏ. நாராயணன், ராஜா சாண்டோ ஆகியோரின் மௌனப் படங்களில் நடித்தபின், பம்பாய் இம்பீரியல் நிறுவனத்தின் ‘காளிதாஸ்’ படத்தில் அவர் நாயகியானார். ‘ஆலம் ஆரா’ வெளிவந்த அதே ஆண்டில் அர்தேஷிர் இரானி தயாரிக்க, எச். எம். ரெட்டி இயக்கிய இப்படம் 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் திரையிடப்பட்டது. நாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேச, ராஜலட்சுமி தமிழில் பேசினார். இம்மொழிக்கலப்பு பிற்காலத்தோருக்கு நகைப்புக்குரியதாகத் தோன்றக்கூடும். ஆனால் மராத்தியர் ஆண்ட தஞ்சையில், தெலுங்குக் கீர்த்தனையும் தமிழ்ப் பதிகமும் ஒரே தெருவில் ஒலித்த சூழலில் வளர்ந்த ஒருவருக்கு இது பெரிய முரணாகப் பட்டிருக்காது.

படத்தில் தியாகராசரின் கீர்த்தனைகள் இடம்பெற்றன, பாடியவர் ராஜலட்சுமி. கதையின் காலமோ காளிதாசனுடையது. இக்காலப் பிறழ்வைப் பலரும் சுட்டியுள்ளனர். அவர்கள் கவனியாத செய்தி ஒன்று உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராசரின் சமாதிக் கோயிலை எழுப்பி, 1925இல் குடமுழுக்குச் செய்வித்தார். அவ்வாறு கட்டியவரே அங்குப் பாட இடம் மறுக்கப்பட்டு, பெண்களுக்கெனத் தனி ஆராதனையைத் தொடங்க வேண்டியிருந்தது. பிரிந்து கிடந்த ஆராதனைக் குழுக்கள் ஒன்றாகிப் பெண்களும் இடம்பெற்றது 1940-களின் தொடக்கத்தில்தான். ஆகவே 1931இல் திருவையாற்றுப் பெண்ணொருவரின் குரலில் தியாகராசர் கீர்த்தனை திரையரங்கில் ஒலித்தபோது, அதே ஊரின் பொது ஆராதனை மேடையில் அக்குரலுக்கு இடமிருந்திராது. சபை மறுத்ததைக் கொட்டகை கொடுத்தது.

அதே படத்தில் மதுரை பாஸ்கரதாஸின் பாடல்களும் இருந்தன. கதர் ராட்டையைப் போற்றும் தேசியப் பாடல் அவற்றுள் ஒன்று. கதைக்குத் தொடர்பின்றி இடைக்காட்சியில் தேசபக்திப் பாடல் பாடுவது ஸ்பெஷல் நாடக வழக்கம். அவ்வழக்கமே படச்சுருளுக்குள்ளும் நுழைந்தது. தேசிய இயக்கத்துக்கும் நாடக மேடைக்கும் இருந்த இவ்வுறவை சு. தியடோர் பாஸ்கரன் விரிவாக ஆராய்ந்துள்ளதால் இங்கு மேலும் கூற வேண்டியதில்லை.

‘கமலவல்லி’ முதல் ‘மிஸ் கமலா’ வரை

1933இல் சாமிக்கண்ணு வின்சென்ட்டின் முயற்சியில் கல்கத்தாவில் உருவான ‘வள்ளி திருமணம்’ பெருவெற்றி பெற்று, ராஜலட்சுமியைச் ‘சினிமா ராணி’ ஆக்கியது. உடன் நடித்த டி. வி. சுந்தரத்தை அவர் மணந்தார். புராணப் படங்களில் தொடர்ந்து நடித்துச் செல்வாக்குடன் இருந்திருக்கலாம். அவரோ தம் புதினத்தைத் தாமே தயாரித்து, இயக்கி, நடித்துப் படமாக்க முனைந்தார். இத்துணிவை அக்காலச் சூழலில் வைத்து நோக்க வேண்டும். இந்தியாவில் பாத்மா பேகம் 1926இல் படம் இயக்கியிருந்தார். 1930-களின் ஹாலிவுட்டிலோ பெரிய நிறுவனங்களில் நிலைத்து இயக்கிய பெண் டோரதி ஆர்ஸ்னர் ஒருவரே.

புதினத்திலிருந்து சமூகப் படம் என்னும் பாதை தமிழில் அப்போதுதான் திறந்திருந்தது. மன்னார்குடியை அடுத்த வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’, டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகமாகி, 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் படமாயிற்று. வை. மு. கோதைநாயகியின் ‘அநாதைப் பெண்’ 1938இல் திரைக்கு வந்தது. இரண்டிலும் எழுதியவர் ஒருவர், இயக்கியவர் வேறொருவர். ‘மிஸ் கமலா’வில் இவ்விடைவெளி இல்லை. ஒரு பெண்ணின் கதை ஆண் இயக்குநரின் கை வழியாகச் செல்லாமல் திரையை அடைந்தது என்பதே 1936இன் உண்மையான சிறப்பு. ‘முதல்’ என்பது அதன் புறத்தோற்றம் மட்டுமே.

கதை இதுதான்: கமலா கண்ணப்பனைக் காதலிக்கிறாள், சூழலின் நெருக்கடியால் சந்திரசேகரனுக்கு மணம் முடிக்கப்படுகிறாள், உண்மையறிந்த சந்திரசேகரன் அவளை அவள் விரும்பியவனுடன் சேர்த்துவைக்கிறான். இந்துப் பெண்ணுக்கு அன்று மணவிலக்குச் சட்டம் கிடையாது. சென்னை மாகாணத்தில் அது 1949இல்தான் வந்தது. நாடு தழுவிய இந்துத் திருமணச் சட்டம் 1955இல் நிறைவேறியது. ஆகவே இக்கதையின் முடிவு அன்றைய சட்டத்தில் வழியில்லாத ஒன்று. குழந்தைமணத்தின் முறிவை நேரில் அறிந்தவர் இதை எழுதினார் என்பதால் இதனைத் தன்வரலாறு என்று கொள்வது எளிய வாசிப்பாகிவிடும். அவருடைய வாழ்வில் மணம் முறிந்தது ஒரு குடும்பம் கைவிட்டதால். கதையில் மணம் அவிழ்வது ஒருவன் விட்டுக்கொடுப்பதால். இவை ஒன்றல்ல. கதையின் குறையும் இங்கேதான் உள்ளது. கமலாவின் விடுதலை அவள் செயலால் வரவில்லை. கணவனின் பெருந்தன்மையால் வருகிறது.

இக்குறையை ஆசிரியரே உணர்ந்திருந்தார் என்று கருதத் தலைப்புகள் இடமளிக்கின்றன. புதினம் ‘கமலவல்லி அல்லது டாக்டர் சந்திரசேகரன்’ என்னும் இரட்டைத் தலைப்பு கொண்டது. ‘அல்லது’ இட்டுப் பெயரிடுவது ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ முதலாக வழங்கிவந்த மரபு. ஆனால் இங்கு ‘அல்லது’க்குப் பின் வருவது கணவனின் பெயர், அதாவது, இது அவள் கதையா அவன் கதையா என்னும் ஐயம் தலைப்பிலேயே நிற்கிறது. படத்தில் சந்திரசேகரன் தலைப்பிலிருந்து நீங்கிவிட, மணமாகாத பெண்ணைக் குறிக்கும் ‘மிஸ்’ கமலாவின் முன் சேர்கிறது. ஆங்கில அடைமொழி அக்காலப் படத்தலைப்புகளின் நாகரிகம் என மறுக்கலாம். 1933இல் பம்பாயிலிருந்து ‘மிஸ் 1933’ என்றொரு படமே வந்துள்ளது. எனினும், மணம் முடிக்கப்பட்ட ஒருத்தியின் கதைக்கு ‘மிஸ்’ என்று பெயரிடுகையில் அது வெறும் நாகரிகமாக நின்றுவிடுவதில்லை. கட்டாய மணத்தை மணமாகவே எண்ணாத ஒரு நிலைப்பாடு அச்சொல்லில் உள்ளது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இதன்பின் ராஜலட்சுமி ‘மதுரை வீரன்’ படத்தையும் இயக்கினார். ‘நந்தகுமார்’ (1938) படத்தில் யசோதையாக நடித்தார். 1940-களில் புதிய நடிகையரும் பின்னணிப் பாடலும் வந்தபின் வாய்ப்புகள் குறைந்தன. வேறு சில புதினங்களும் எழுதினார். 1964 ஆகஸ்டில் சென்னையில் மறைந்தார்.

எஞ்சிய ஆவணங்கள்

இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டது 1964 பிப்ரவரியில். அதற்குள் தீப்பற்றும் இயல்புடைய நைட்ரேட் சுருள்களில் பதிவான தொடக்ககாலத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. ‘காளிதாஸ்’, ‘மிஸ் கமலா’ ஆகிய இரண்டின் படிகளும் கிடைக்கவில்லை. ஆகவே ராஜலட்சுமியைப் பற்றிய ஆய்வு இனி அச்சுச் சான்றுகளையே நம்ப வேண்டும்: புதினப் பதிப்புகள், பத்திரிகை விளம்பரங்கள், திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள். பாட்டுப் புத்தகத்தின் முன்பக்கங்களில் வரும் கதைச் சுருக்கத்தைப் புதினத்துடன் வரிக்கு வரி ஒப்பிடுவது பாடபேத ஆய்வு அறிந்தவர்க்குப் பழகிய வேலை. திரையியலார் மட்டும் செய்யத்தக்க பணியன்று இது. தமிழ்த் துறைகளே இதற்குப் பொருத்தமானவை.

தேடுவோர்க்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பாட்டுப் புத்தகங்கள் பொதுவாகப் படப்பெயராலேயே நூலக அட்டவணைகளில் இடம்பெறுகின்றன. ஆசிரியர் பெயரால் தேடினால் அகப்படுவதில்லை. புதினங்களிலோ ஆங்கில முன்னெழுத்து வழியாகத் திருவையாறு ‘டி’ ஆகிவிட்டது. எனவே டகர வரிசையுடன் நில்லாது, ‘திருவையாறு’ எனத் தகர வரிசையிலும், ‘ராஜலட்சுமி’ என ரகர வரிசையிலும், ‘இராஜலக்ஷ்மி’ என இகர வரிசையிலும், ‘ஸ்ரீமதி’ என்னும் அடைமொழியின் கீழும் தனித்தனியே தேட வேண்டும்.